சோளகம் ஏமாற்றும்: வன்னி வெயிலில் நெடுந்தூரம் நடப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வைகாசி விசாகத்தை ஒட்டிய திங்கட்கிழமை வற்றாப்பளை அம்மன் பொங்கல். ஜூலை 2இலும் ஓகஸ்ட் 15இலும் மடு மாதாவின் திருவிழா. செல்வச்சந்நிதியில் இருந்து கதிர்காமத்துக்கு நடப்பவர்கள் முல்லைத்தீவைக் கடப்பதும் ஏறத்தாழ இதே காலத்தில்தான். எங்கள் பக்கத்தில் நேர்த்தி வைத்து நடக்கிற நடை எல்லாம் வெயில் எரிக்கிற மாதங்களில் வந்து விழுகிறது. வைகாசி பிறந்தால் புரட்டாசி வரை வன்னியில் மழை அரிது. பகலில் 34, 35 பாகை செல்சியஸ் என்பது சாதாரணம்.

நான் மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாக வற்றாப்பளைக்குப் பல வருடங்களாக நடக்கிறேன். ஒரு வருடம் கனடாவில் இருந்து வந்த மச்சானும் எங்களோடு வந்தார். நாற்பது வயது, நல்ல தேகம், ஒவ்வொரு நாளும் ஓடுகிறவர். ஒட்டுசுட்டான் தாண்டி, பதினொன்றரை மணி இருக்கும், "தண்ணி குடியுங்கோ மச்சான்" என்று போத்தலை நீட்டினேன். "எனக்கு வேர்க்கவேயில்லை மச்சான், நல்ல காத்து" என்றார். சேர்ட்டைத் தொட்டுப் பார்த்தேன், உண்மையிலேயே காய்ந்துதான் இருந்தது. ஆனால் முதுகுப் பக்கம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அதை நான் பார்த்தேன், என்னவென்று யோசிக்கவில்லை. அரை மணித்தியாலத்தில் அவர் றோட்டோரம் சரிந்துவிட்டார். இந்த வழிகாட்டியை எழுத வைத்தது அந்த வெள்ளைக் கோடுகள்தான்.

காற்றை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் நுண்ணிய துளைகளால் கசிகிற நீர் வெளிப்புறத்தில் ஆவியாகிப் போகும்போது வெப்பத்தையும் கொண்டுபோகிறது. எங்கள் உடம்பும் அப்படித்தான். வேர்வை தோலில் இருந்து ஆவியானால்தான் உடம்பு ஆறும். நிலத்தில் சொட்டி விழுகிற வேர்வையால் பயன் குறைவு.

வைகாசி தொடக்கம் தென்மேற்கில் இருந்து வீசுகிற சோளகம் காய்ந்த காற்று. வேர்வை வெளியே வந்த கையோடு அதைக் குடித்துவிடும். அதனால் உடம்பு ஆறுவது நன்மை, ஆனால் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று உங்களுக்குத் தெரியாமல் போவது ஆபத்து. கொழும்பின் புழுக்கத்தில் சட்டை நனைந்து ஒட்டிக்கொள்ளும், ஆகவே நாமே பயந்து தண்ணீர் குடிப்போம். வன்னியில் அந்த எச்சரிக்கை கிடைக்காது. இங்கே சட்டை காய்ந்திருப்பதை நம்ப வேண்டாம், உப்புக் கோட்டை நம்புங்கள். நந்திக்கடல் பக்கம் வந்தால் காற்றில் ஈரம் கூடும், அப்போதுதான் சிலருக்குத் திடீரென்று வேர்க்கத் தொடங்கும். உண்மையில் காலையில் இருந்தே வேர்த்துக்கொண்டுதான் வந்திருப்பார்கள்.

இரண்டு கிழமைக்கு முன்பே தொடங்குங்கள்

உடம்பு வெயிலுக்குப் பழக 7 முதல் 14 நாள் பிடிக்கும். பழகிய உடம்புக்கு முன்கூட்டியே வேர்க்கும், அந்த வேர்வையில் போகிற உப்பும் குறையும். முதல் நாள் மாலை நான்கரைக்கு அரை மணித்தியாலம் நடவுங்கள். அப்புறம் நாளுக்கு நாள் பத்துப் பதினைந்து நிமிடம் கூட்டிக்கொண்டு போகலாம். குளிரூட்டிய அறையில் வேலை செய்கிறவர்களுக்கும் வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வருகிறவர்களுக்கும் இது கட்டாயம். வந்து இறங்கிய மூன்றாம் நாளே முழுத் தூரமும் நடக்க வேண்டாம். அம்மன் கோபிக்கமாட்டா, கடைசி ஐந்து கிலோமீற்றர் நடந்தாலும் அது நடைதான்.

இரத்த அமுக்கத்துக்கு நீர் மாத்திரை எடுப்பவர்கள், சலரோகம், இருதய நோய், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் வெளிக்கிடக் கூடாது. வவுனியா மாவட்டத்தில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் எத்தனை வீடுகளில் புகுந்திருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். வெயிலில் மீண்டும் மீண்டும் உடம்பு வறள்வதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். தண்ணீர் விஷயத்தில் நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

உங்கள் தண்ணீர்க் கணக்கை நீங்களே கண்டுபிடியுங்கள்

"ஒரு நாளைக்கு எட்டு கிளாஸ்" என்ற பேச்சு வெயில் நடைக்கு உதவாது. பழக்க நடையின்போது ஒரு நாள் இதைச் செய்து பாருங்கள். வெளிக்கிடுமுன் சிறுநீர் கழித்துவிட்டு, மெல்லிய உடுப்போடு நிறை பாருங்கள். ஒரு மணித்தியாலம் வெயிலில் நடந்து திரும்பி, வேர்வையைத் துடைத்துவிட்டு, திரும்ப நிறை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர். இடையில் குடித்திருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு மணித்தியாலத்துக்கு முக்கால் லீற்றர் போகிறது. என் தம்பிக்கு ஒரு லீற்றருக்கு மேல். ஒரே வீட்டில், ஒரே சோறு தின்று வளர்ந்த இரண்டு பேருக்கே இவ்வளவு வித்தியாசம்.

காலை நான்கு மணித்தியால நடைக்கு ஆளுக்கு 3 லீற்றர் கொண்டுபோவது என் வழக்கம். பெரிய போத்தல் ஒன்றைக் காவுவதைவிட ஒரு லீற்றர்ப் போத்தல் மூன்று வசதி. எத்தனை முடிந்தது என்று கண்ணால் பார்க்கலாம். போத்தலுக்குப் பழைய பருத்தித் துணியைச் சுற்றி, அதை நனைத்து, பையின் வெளிப்பக்கம் காற்றுப் படத் தொங்கவிடுங்கள். மண்பானை வித்தைதான். துணி காயக் காய ஒரு கை தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்தால் பத்து மணிக்கும் குடிக்க இதமாக இருக்கும்.

முதல் நாள் இரவும் விடியலும்

முதல் நாள் நித்திரை முக்கியம். கள்ளும் சாராயமும் வேண்டாம், அடுத்த நாள் காலை பாதி வறண்ட உடம்போடுதான் எழும்புவீர்கள்.

காலைச் சாப்பாட்டுக்குப் பழஞ்சோற்றுக்கு நிகராக நான் எதையும் காணவில்லை. இரவுச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் தயிர் கொஞ்சம், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்புப் போட்டுப் பிசைந்து குடித்தால் தண்ணீரும் உப்பும் மாச்சத்தும் ஒன்றாகவே வயிற்றுக்குள் போகின்றன. வெளிக்கிட இரண்டு மணித்தியாலத்துக்கு முன் அரை லீற்றர் அளவு தண்ணீர் குடியுங்கள். மேலதிகமானது நடைக்கு முன்பே வெளியேறிவிடும். கடைசி நிமிடத்தில் ஒரு போத்தலை முழுதாக இறக்கினால் வயிறு குலுங்குவதைத் தவிரப் பயன் இல்லை.

உடுப்பு

தளர்வான பருத்தி, வெளிர் நிறம், நீளக் கை. பெண்கள் பருத்திச் சேலையோ தளர்ந்த சல்வாரோ உடுத்தலாம், ஆண்களுக்கு வேட்டியும் சாறமும் காற்றோட்டமானவை. குடை பிடிக்க வெட்கப்பட வேண்டாம். தலையில் தொப்பி வைப்பதைவிடக் குடை மேல், தலையோடு தோளுக்கும் நிழல் தரும். கழுத்தில் ஒரு துவாய். அதை ஒவ்வொரு தண்ணீர்த் தரிப்பிலும் நனைத்துப் போடுங்கள். சோளகம் அடிக்கும்போது நனைந்த துவாய் கழுத்தில் கிடந்தால் அதே காற்று உங்கள் பக்கம் வந்துவிடும்.

நேர்த்தியால் வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு ஒன்று. உச்சி வெயிலில் தார் றோட்டின் மேற்பரப்பு 50 பாகைக்கு மேல் சுடும். காலை ஒன்பது மணிக்குள் தார்ப் பகுதிகளை முடியுங்கள். முடியாவிட்டால் ஓரத்து வெள்ளைக் கோட்டில் நடவுங்கள், கறுப்பைவிட அது சூடு குறைவு.

எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது

வெயிலை மட்டும் பார்த்தால் அதிகாலை மூன்று மணிதான் சிறந்த நேரம். ஆனால் வன்னியில் யானையையும் பார்க்க வேண்டும். விடியற்காலையும் பொழுதுபடுகிற நேரமும் யானை காட்டுக்கும் குளத்துக்கும் இடையே றோட்டைக் கடக்கிற நேரம். பாலைப்பழக் காலம் என்றால் கரடியும் பாலை மரத்தடிக்கு வரும். அதனால் நான் இப்படிப் பிரித்துக்கொள்வேன்: குடிமனை உள்ள பகுதியை இருட்டோடு, நாலரைக்கு, ரோர்ச் வெளிச்சத்தில் கூட்டமாக நடப்பது, இரு பக்கமும் காடு உள்ள பகுதியை நன்றாக விடிந்த பிறகு, ஐந்தே முக்கால் ஆறு மணிக்குத் தொடங்குவது. அந்தந்த ஊரில் முதல் நாளே கேட்டுவிடுங்கள். "ஐயா, இந்தப் பக்கம் யானை இறங்குதோ?" என்று கேட்டால் ஊர்க்காரர் எந்த வளைவில், எத்தனை மணிக்கு என்றே சொல்லிவிடுவார்கள்.

பத்து மணிக்கு நடை நிற்க வேண்டும், அதிகம் போனால் பத்தரை. மூன்றரை வரை நிழலை விட்டு எழும்ப வேண்டாம். ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் முடிவிலும் வன்னியில் சூரியன் நடுப்பகலில் உச்சந்தலைக்கு நேரே நிற்கும், அப்போது மரங்களின் நிழலும் அடியிலேயே சுருங்கிவிடும். நாங்கள் மச்சானோடு செய்த பெரிய பிழை இதுதான். "இன்னும் கொஞ்சத் தூரம்தானே" என்று பதினொன்றரைக்கும் நடந்துகொண்டிருந்தோம்.

நடக்கும்போது குடிப்பது

தாகம் வரும்வரை காத்திருக்காதீர்கள். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு கிளாஸ் அளவு, ஏறத்தாழ 200 மில்லிலீற்றர். கைபேசியில் மணி வையுங்கள், அல்லது கூட்டத்தில் ஒருவரை "தண்ணி மணியம்" ஆக்கிவிடுங்கள். எங்கள் கூட்டத்தில் பெரியம்மாதான் அது. "பிள்ளையள், எல்லாரும் நில்லுங்கோ, ரெண்டு மிடறு குடிச்சிட்டு நடவுங்கோ" என்று அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை.

அதற்காகத் தண்ணீரை மொத்தமாக ஊற்றவும் வேண்டாம். மணித்தியாலத்துக்கு ஒன்றரை லீற்றருக்குக் கிட்ட வெறும் தண்ணீரையே தொடர்ந்து குடித்தால் இரத்தத்தில் உப்பின் அளவு இறங்கிவிடும். தலையிடி, வாந்தி, குழப்பம் என்று அதன் குணங்களும் வெயில் மயக்கம் போலவே இருப்பதால், தெரியாமல் இன்னும் தண்ணீர் கொடுத்துவிடுவார்கள். ஆகவே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நடந்தால் உப்புக் கட்டாயம். மருந்துக்கடையில் ஜீவனிப் பக்கெட் (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கிற உப்புத் தூள்) வாங்கி, அதில் சொன்னபடி ஒரு லீற்றரில் முழுப் பக்கெட்டையும் கரையுங்கள். பாதிப் பாதியாகக் குத்துமதிப்பில் போட வேண்டாம். ஜீவனி கையில் இல்லையென்றால் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் சீனி 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, இரண்டையும் தலை தட்டி அளந்து போட்டு, தேசிக்காய் பிழிந்துகொள்ளலாம். அன்றைக்கே குடித்து முடிக்க வேண்டும். மூன்று போத்தலில் ஒன்று இப்படி இருந்தால் போதும்.

வழியில் மோர் கிடைத்தால் விடாதீர்கள். பொங்கல் காலத்தில் தாகசாந்திப் பந்தல்களில் கறிவேப்பிலையும் சின்ன வெங்காயமும் மிதக்கிற மோர் தருவார்கள், நடைக்கு அதைப்போல ஒன்று இல்லை. சர்க்கரைத் தண்ணீரையும் கலர் சோடாவையும் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இளநீர் நல்லது, ஆனால் அதில் சோடியம் குறைவு, ஒரு சிட்டிகை உப்போடு குடியுங்கள். வெள்ளரிப்பழம், வத்தகப்பழம், நுங்கு மூன்றும் தின்கிற தண்ணீர். தேத்தண்ணி உடம்பை வறட்டும் என்று சொல்வார்கள். வழமையான அளவில் அப்படி ஒன்றும் இல்லை, பனங்கட்டியோடு ஒரு வெறுந்தேத்தண்ணி தாராளமாகக் குடிக்கலாம்.

இப்போது வெளிப்படையாகப் பேசவேண்டிய ஒன்று. எங்கள் பெண்கள் பலர் நடையில் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதில்லை. ஒதுங்க இடம் இல்லை என்பதுதான் காரணம். ஒரு அக்கா காலை ஐந்து மணியில் இருந்து பதினொரு மணி வரை ஒரு மிடறும் குடிக்காமல் நடந்ததை நான் பிறகுதான் அறிந்தேன். கேட்டபோது, "என்ன தம்பி செய்யிறது, எங்க போறது?" என்றா. அவவிடம் பிழை இல்லை, நடையை ஒழுங்கு செய்த எங்களிடம்தான் பிழை. இப்போது நாங்கள் முதல் கிழமையே பாதையில் போய், கோயில், பாடசாலை, பொதுநோக்கு மண்டபம், தெரிந்தவர் வீடு என்று ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு மலசலகூடம் கிடைக்கிற மாதிரிக் கேட்டு வைக்கிறோம். வெளிக்கிடும்போதே பட்டியலைப் பெண்களின் கையில் கொடுத்துவிடுகிறோம். இதைச் செய்த வருடம் தொடக்கம் எங்கள் கூட்டத்தில் பெண்கள் யாரும் மயங்கவில்லை.

எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் சிறுநீரின் நிறம். வைக்கோல் நிறமாக இருந்தால் சரி. தேத்தண்ணி நிறத்துக்குப் போனால் நடையை நிறுத்துங்கள்.

வழியில் தண்ணீர் எடுப்பது

வன்னிக் கிணறுகளில் பலவற்றின் நீர் கடினமானது, சிலவற்றில் சவர். பாடசாலை, கோயில் பக்கங்களில் சுத்திகரித்த குடிநீர்க் குழாய்கள் இப்போது பல ஊர்களில் இருக்கின்றன, அங்கே நிரப்புவது மேல். அது இல்லாத இடத்தில் ஆட்கள் தினமும் புழங்குகிற கிணறாகப் பார்த்துக் கேட்டு எடுங்கள், குளோரின் வில்லை போட்டு அரை மணித்தியாலம் வையுங்கள்.

குளத்து நீரைக் குடிக்க வேண்டாம். ஆடி, ஆவணியில் குளம் வற்றி, கரையோரம் பச்சைப் பாசி படர்ந்திருக்கும். சில வகைப் பாசியின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. குளிப்பது வேறு விஷயம். ஊர்ச்சனம் குளிக்கிற துறையிலேயே, கூட்டமாக, வெளிச்சத்தில் இறங்குங்கள். வற்றுகிற குளத்தில் முதலையும் மிஞ்சின தண்ணீரில்தான் கிடக்கும்.

அப்புறம், நிழல் தேடியோ பழைய கிணறு தேடியோ புழக்கம் இல்லாத பற்றைக்குள் இறங்க வேண்டாம். போர் முடிந்தது 2009இல், ஆனால் கண்ணிவெடி அகற்றும் வேலை வடக்கில் இன்னும் முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இல்லாத இடத்திலும், ஊரவர் நடக்காத பாதை என்றால் நீங்களும் நடக்காதீர்கள்.

மத்தியான ஓய்வு

மருதமரத்தின் கீழ் அல்லது கோயில் மண்டபத்தில். சப்பாத்தைக் கழற்றி, கால்களைக் கழுவி, துவாயை நனைத்து நெஞ்சில் போட்டுப் படுங்கள். சோறு அளவாக. இறைச்சிக் கறியை மாலைக்கு ஒதுக்குங்கள். படுக்கப் போகுமுன் எல்லாரும் ஒருவரையொருவர் ஒரு தடவை பாருங்கள்: தலையிடி இருக்கிறதா, கடைசியாக எப்போது சலம் போனது என்று கேளுங்கள். "எனக்கு ஒண்டுமில்லை" என்று எரிச்சலோடு பதில் சொல்கிறவரைக் கூடுதலாகக் கவனியுங்கள்.

ஒருவர் சரிந்தால்

காலோ வயிறோ பிடித்து இழுத்தால் உப்புக் குறைந்திருக்கிறது. நிழலில் இருத்தி ஜீவனி கொடுங்கள், ஒரு மணித்தியாலம் நடக்க விடாதீர்கள்.

தலைசுற்று, குமட்டல், வெளிறிய முகம், ஆனால் கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்கிறார் என்றால் அது வெயில் களைப்பு. படுக்க வைத்து, காலை உயர்த்தி, உடுப்பைத் தளர்த்தி, நனைத்து விசிறுங்கள், சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுங்கள். அரை மணித்தியாலத்தில் தெளியாவிட்டால் வைத்தியசாலை.

பேச்சுக் குழறுகிறது, இடம் பெயர் தெரியவில்லை, தள்ளாடுகிறார், வலிப்பு வருகிறது, அல்லது அறிவில்லை என்றால் அது வெப்பவாதம். உடம்பின் உள்வெப்பம் 40 பாகையைத் தாண்டியிருக்கும். ஒவ்வொரு நிமிடமும் மூளையும் சிறுநீரகமும் அடிபடுகின்றன. ஒருவர் 1990க்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸை வரச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் அந்த நொடியே குளிர்விக்கத் தொடங்க வேண்டும். வாளி வாளியாக உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றுங்கள், ஓயாமல் விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் கழுத்து, கக்கம், தொடையிடுக்கில் வையுங்கள். பக்கத்தில் வாய்க்கால் ஓடினால் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உடம்பை அதில் கிடத்தலாம். அறிவு தெளியாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நெஞ்சுக்குள் போய்விடும்.

மச்சான் விழுந்தபோது எங்களில் ஒருவர் பனடோல் தேடினார். இன்னொருவர், வெயிலோடு தலையில் தண்ணீர் ஊற்றினால் சன்னி வரும் என்று தடுத்தார். றோட்டோர வீட்டில் இருந்து ஒரு வயதான அம்மா ஓடிவந்தா, வயல் வேலை செய்து கறுத்த கைகள். "விடுங்கோ, விடுங்கோ! சேர்ட்டைக் கழட்டுங்கோ. தம்பி, நீ போய்க் கிணத்தில அள்ளு" என்று சொல்லி, கையில் இருந்த வாளியை அப்படியே அவர் மேல் கவிழ்த்தா. பதினைந்து வாளிக்கு மேல் அள்ளியிருப்பேன். அம்புலன்ஸ் வரும்போது மச்சான் என் பெயரைச் சரியாகச் சொன்னார். பனடோல் இந்தச் சூட்டைக் குறைக்காது. உடம்பு வறண்ட நேரத்தில் இபுபுரோபன், டைக்குளோபினாக் போன்ற நோ மாத்திரைகள் சிறுநீரகத்தைத் தாக்கும், ஆகவே கால் நோவுக்கும் நடையின் இடையில் அவற்றை விழுங்காதீர்கள்.

மாங்குளத்தில் ஆதார வைத்தியசாலையும் முல்லைத்தீவில் மாஞ்சோலை வைத்தியசாலையும் இருக்கின்றன. வெளிக்கிடுமுன், எந்த இடத்தில் இருந்து எது கிட்ட என்று கூட்டத்தில் மூன்று பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

போய்ச் சேர்ந்த பிறகு

குறைந்த நிறையில் ஒரு கிலோவுக்கு ஒன்றரை லீற்றர் என்ற கணக்கில் இரவு முழுவதும் ஆறுதலாகக் குடியுங்கள். கஞ்சி, ரசம், மோர் எல்லாம் கணக்கில் சேரும். அடுத்த நாளும் நடக்க இருந்தால், விடிய முதல் சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். அது கருமஞ்சளாக இருந்தால் அன்றைக்கு நீங்கள் பஸ்ஸில் வாருங்கள். உங்கள் பையையும் போத்தல்களையும் மற்றவர்கள் காவிக்கொண்டு வருவார்கள்.